பானட்டில் ஒரு பாப்பாஞ்சி

மட்டாஞ்சேரித் தெருக்கள் மிளகு மூட்டைக்கும் கைவண்டிக்கும் அளவெடுத்துப் போட்டவை. போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். அரண்மனை கட்டினார்கள், கிடங்கு கட்டினார்கள். ஒருவராவது ஒரு கார் நிறுத்த இடம் விட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. இந்த ஊரில் கார் வாங்குகிறவன் தன் வீட்டுக்கு வண்டி வாங்கியதாக நினைத்துக்கொள்வான். நடைமுறையில் அவன் வாங்கியது தெருவுக்கு ஒரு மேசை.

என் பங்குக்கு நான் வாங்கிக் கொடுத்த மேசை ஒரு கருநீல வேகன் ஆர். என் கைக்கு வரும்போதே பழசு. "ஒரே ஓனர், டாக்டர் வண்டி, ஒரு கீறல் கிடையாது" என்று தரகர் சத்தியம் செய்து தலையில் கட்டினார். வாசலில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் சந்தில் ஒரு ஆட்டோ நுழையும். எதிரே ஸ்கூட்டர் வந்தால் யாராவது ஒருவர் இறங்கி ஊர் நியாயம் பேச வேண்டிவரும். மீன்காரச் சேச்சி கூடையை இறக்கி மூச்சு வாங்குவது என் பானட்டின் மேல். பஜார் ரோட்டில் மூட்டை சுமக்கிறவர்கள் கட்டன் சாயா கிளாஸை வைப்பதும் அதன் மேல். யூதத் தெருவுக்கு வழி தெரியாத வெளிநாட்டுப் பயணிகள் வரைபடத்தை விரிப்பதும், எஞ்சின் சூடு ஆறும்வரை தெருப்பூனைகள் கண்ணயர்வதும் அங்கேதான். நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "உங்களுக்குத் தைரியம் இல்லை" என்பாள் மனைவி. பெருந்தன்மை என்று நான் திருத்துவேன்.

அதே சமயம், ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் துணியும் பாலிஷ் டப்பியுமாக நான் வாசலில் இறங்கினால் தெருவே வேடிக்கை பார்க்கும். வட்டம் வட்டமாகத் தேய்ப்பேன். தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்ப்பேன். பானட்டில் என் முகம் தெரியும். வீட்டுக் கண்ணாடியில் தெரிவதைவிட இளமையாகத் தெரியும். நடந்தே போகக்கூடிய தூரத்தில் 1568-ல் கட்டிய பரதேசி யூத ஆலயம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் சீனாவின் காண்டனிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். கையால் வரைந்தவை, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அந்த மரியாதையில் கால்பங்கு என் பானட்டுக்குக் கிடைத்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

டிசம்பர் வந்தால் இந்த வட்டாரத்துக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். 1984-லிருந்து கொச்சின் கார்னிவல் என்ற பெயரில் நடக்கும் கொண்டாட்டத்தின் நாயகன் பாப்பாஞ்சி. வெள்ளைத் தாடி, கோட்டு, தொப்பி, பூட்ஸ் சகிதம் நிற்கும் பிரம்மாண்டமான கிழவர் பொம்மை. போகிற வருஷத்தின் பிரதிநிதி அவர். டிசம்பர் 31 நள்ளிரவில் அவருக்குத் தீ வைத்துப் புது வருஷத்தை வரவேற்பது வழக்கம். ஃபோர்ட் கொச்சி மைதானத்தில் பெரிய பாப்பாஞ்சி எரியும். அந்தக் கூட்டத்தில் சிக்கிச் சட்டைப் பித்தானை இழக்க விரும்பாதவர்களுக்காகச் சந்துக்குச் சந்து சின்னப் பாப்பாஞ்சிகளும் உண்டு. எங்கள் சந்துப் பையன்களும் ஒன்று செய்தார்கள். செய்ய ஒரு மேசை வேண்டுமல்லவா? இருந்தது.

நியாயமாகச் சொன்னால் பையன்கள் பொறுப்பானவர்கள். வண்டி அழுக்காகக் கூடாது என்று பானட்டின் மேல் மலையாளப் பத்திரிகையை விரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். தாடிக்குப் பஞ்சு ஒட்ட வெள்ளை ஃபெவிகால். பூட்ஸுக்கு ரெக்சின் ஒட்டச் செருப்புக் கடைகளில் பயன்படுத்தும் மஞ்சள் ரப்பர் பசை. முகமூடியில் விண்டுபோன மூக்கை ஒட்ட ஃபெவிக்விக். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தபோது மூன்றும் என் வண்டியின் மேல் இருந்தன. வெள்ளைப் பசை கவிழ்ந்து பத்திரிகையோடு சேர்ந்து பாதி இறுகியிருந்தது. ஒட்டியிருந்தது மரண அறிவிப்புப் பக்கம். முன்பின் அறியாத ஒரு அப்பச்சன் என் பானட்டிலிருந்து என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அவரைச் சுற்றி மஞ்சள் பசை நூல் நூலாக ஓடியிருந்தது. இடது ஓரத்தில் தொடங்கி மட்கார்டு வரைக்கும் ஃபெவிக்விக் சொட்டுச் சொட்டாகக் கோலத்துக்குப் புள்ளி வைத்திருந்தது. புள்ளிகளுக்கு நடுவே வெள்ளை நூலிழைகள்.

"அது எந்தா மோனே, அந்த நூல்?" என்றேன்.

"துடைச்சு நோக்கி சேட்டா. பாப்பாஞ்சியுடெ முண்டு வெச்சு துடைச்சப்ப புகை வந்நு" என்றான் அவர்களில் மூத்தவன், சுட்டுவிரலை ஊதிக்கொண்டே.

அவன் அளக்கவில்லை. ஃபெவிக்விக் ரகப் பசையின் பெயர் சயனோ அக்ரிலேட். ஈரப்பசை பட்டால் அதன் மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாகி இறுகும். பருத்தித் துணியில் விழுந்தால் அந்த வேலை ஒரே மூச்சில் நடந்து, தோல் சுடும் அளவுக்குச் சூடு கிளம்பும். சமயத்தில் புகையும் வரும். அதனால்தான் அது சிந்தினால் வேட்டி, பனியன், பஞ்சு எதையும் எடுத்துத் துடைக்கக் கூடாது என்பார்கள். துடைத்தால் பசையும் போகாது, துணியும் திரும்பாது. பாப்பாஞ்சி தீ வைக்கும் நாளுக்கு முன்பே பற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்.

இந்தப் பசையின் ஜாதகமே அப்படி. 1942-ல் அமெரிக்காவில் கோடக் நிறுவனத்தின் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்தார். கையில் அகப்பட்ட இந்தப் பொருள் தொட்டதிலெல்லாம் ஒட்டித் தொலைத்ததால் ஓரங்கட்டிவிட்டார். 1951-ல் அவருடன் வேலை பார்த்த ஃப்ரெட் ஜாய்னர் இதை ஒளிவிலகல் அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே வைக்க, விலையுயர்ந்த அந்தக் கருவி நிரந்தரமாக வாயை மூடிக்கொண்டது. அப்போதுதான் கூவருக்குப் பொறி தட்டியது. 1958-ல் பசை கடைக்கு வந்தது. 2010-ல் வெள்ளை மாளிகையில் ஒபாமா அவருக்குப் பதக்கம் அணிவித்தார். ஒரு கருவியை ஒட்டிக் கெடுத்தவர்களுக்குப் பதக்கம். என் காரை ஒட்டிக் கெடுத்தவர்களுக்கு அன்று காலை என் வீட்டில் தோசை. மனைவிதான் கூப்பிட்டுக் கொடுத்தாள். "பாவம், ராத்திரி முழுக்கக் கண் முழிச்சிருக்குங்க."

வாசலில் அதற்குள் சபை கூடிவிட்டது. மட்டாஞ்சேரியில் இது பெரிய விஷயமில்லை. கொங்கணி, குஜராத்தி, கச்சி, மலையாளம், தமிழ் என்று அடுத்தடுத்த வாசல்களில் அடுத்தடுத்த மொழி பேசும் ஊர் இது. யூதத் தெருவில் மிளகு வியாபாரத்துக்கென்றே 1957-லிருந்து ஒரு சங்கம் இருக்கிறது; முன்பேர விலையை ஒரு காலத்தில் கூவிக் கூவியே முடிவு செய்தார்கள். கூவல் கணினிக்குப் போய்ப் பல வருஷமாகிறது. தொண்டைகள் சும்மாதான் இருந்தன.

"பெட்ரோள் மதி சேட்டா, ஒரு துள்ளி பெட்ரோள்" என்று ஆட்டோக்காரர் தொடங்கிவைத்தார். குஜராத்தித் தெருவிலிருந்து வந்த சேட் மண்ணெண்ணெய்க்குக் கீழே இறங்க மறுத்தார். எதிர்வீட்டு இக்கா தேங்காய் எண்ணெயைப் பூசி ஒரு ராத்திரி விட்டால் உலகத்தில் எந்த ஒட்டும் கழன்றுவிடும் என்றார். பிடிவாதக்காரச் சம்பந்தியைக்கூட அவர் அப்படித்தான் கழற்றியதாகச் சொன்னார். திருமலை தேவஸ்வம் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த கொங்கணிப் பாட்டி வெந்நீர், வெறும் வெந்நீர் என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் "தின்னர்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்தார். தின்னர் சொன்னவருக்குத்தான் அடுத்து என் வண்டிக்குப் புது பெயிண்ட் அடிக்கும் வேலையும் கிடைக்கும் என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை. காய்கறிக்காரர் பேச்சில் நம்பிக்கையில்லாதவர். பாக்கெட்டிலிருந்து பிளேடையே எடுத்துவிட்டார். என் மகள் தன் பங்குக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினாள்.

பிளேடுக்காரர் பானட்டை நெருங்கியபோது என் வாயிலிருந்து "தொடல்லே!" என்று ஒரு சத்தம் வந்தது. அந்தத் தெருவில் அது என் முதல் சத்தம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்த வாய்ப்பை வீணாக்காமல், "ஆலோசித்துவிட்டு வருகிறேன்" என்று அறிவித்து, சலவைக்குப் போட வேண்டிய துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு நழுவினேன். தலைமறைவாவதற்குத் துணி மூட்டையைவிடக் கௌரவமான காரணம் இல்லை.

போன இடம் ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் இருக்கும் தோபி கானா. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். 1970-களில் கொச்சி வளர்ச்சி ஆணையமான ஜி.சி.டி.ஏ. கட்டிக்கொடுத்த தொட்டிகள், வரிசையாகக் கல். முற்றத்தில் இரட்டைக் கயிறு முறுக்கிக் கட்டியிருக்கும், கிளிப் கிடையாது. துணியின் முனையை முறுக்குக்குள் செருகிவிட்டால் அரபிக் கடல் காற்றுக்கும் அசையாது. கஞ்சி போட்ட வேட்டிகள் அதில் வெளுத்துக்கொண்டு நிற்கும். கொச்சியில் என் தமிழுக்கு அசல் பதில் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

எனக்குப் பழக்கமான பெரியவர் கரிப்பெட்டியில் கனல் போட்டுக்கொண்டிருந்தார். என் துயரத்தை முழுக்கச் சொன்னேன். மூன்று பசையும், அப்பச்சனும், சபையும், பிளேடும். அவர் பெட்டியை ஈரத்துணியில் ஒரு முறை வைத்து எடுத்துச் 'சுர்' என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கறை எங்கயும் ஓடிப்போவாது தம்பி. எல்லாரும் கறையவே பாக்குறாங்க. துணி என்ன துணின்னு பாத்தீங்களா? பருத்தின்னா நான் அடிச்சுத் துவைப்பேன். பட்டுல அதே கறை விழுந்தா கையவே வைக்க மாட்டேன், தண்ணியத் தொட்டுத் தொட்டு ஒத்தி எடுப்பேன். அதுக்கும் முன்னால உள்மடிப்புல ஒரு ஓரத்துல தொட்டுப் பாப்பேன், சாயம் போவுதான்னு."

கார்ப் பராமரிப்பைப் பற்றி நான் படித்த எதிலும் இதைவிடப் பெரிய விஷயம் இல்லை. எங்கள் வாசலில் கூடியிருந்த அத்தனை பேரும் பசைக்கு மருந்து சொன்னார்கள். பெயிண்ட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஞாயிறுதோறும் அதைத் தேய்த்துக்கொண்டிருந்த நானும் சேர்த்துத்தான்.

சரி, அந்தத் துணி என்ன துணி? தகட்டின் மேல் முதலில், துருப் பிடிக்காமலிருக்க மின்சாரத் தொட்டியில் முக்கியெடுத்த ஒரு பூச்சு. அதன் மேல் பிரைமர். அதற்கு மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். பளபளப்பு முழுக்க அதனுடைய உபயம். நான்கு அடுக்கும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 120 மைக்ரான். ஏறக்குறைய ஒரு ஏ4 தாளின் கனம். அதில் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். நான் கர்வத்தோடு முகம் பார்த்தது அரைத் தாளில். பிளேடு, உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் இவற்றில் எது பட்டாலும் அந்த அரைத் தாளில்தான் கோடு விழும். கருநீலத்தில் விழுந்த கோட்டை மீன்காரச் சேச்சிகூடத் தெருமுனையிலிருந்தே பார்த்துவிடுவார்.

தொழிற்சாலையில் இந்தப் பூச்சை 140 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் சுட்டு எடுக்கிறார்கள். சுட்ட பூச்சு கொஞ்சம் பலசாலி. சில நொடி அசிட்டோன் பட்டால் தாங்கும், குளமாகத் தேங்கினால் இளகி மங்கும். பட்டறையில் பிற்பாடு அடித்த மலிவான என்.சி. பெயிண்ட் வேறு ரகம். அதைக் கரைத்துத்தான் அடித்தார்கள். எதைக் கொண்டு கரைத்தார்களோ அது திரும்பி வந்தால் உடனே புறப்பட்டுவிடும். பெயிண்டர் ஒற்றைச் சொல்லில் சொன்ன தின்னரில் இருப்பது டொலுயீன், அசிட்டேட் வகையறா. அதை ஊற்றியிருந்தால் பசை போயிருக்கும் என்பதில் ஐயமில்லை. பசைக்கு அடியில் இருந்ததும் போயிருக்கும்.

வீடு திரும்பும் வழியில் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாண்டித்தான் வர வேண்டும். போர்ச்சுக்கீசியர் 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக்கொடுத்து, டச்சுக்காரர் பழுது பார்த்தது. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்கச் சுவரோவியமாக நிற்கிறது. கேரளச் சுவரோவிய மரபில் வண்ணத்தை இளநீரிலும் வேப்பம் பிசினிலும் குழைப்பார்கள். அதாவது, நூற்றாண்டுகளாக ராமரையும் சீதையையும் சுவரில் பிடித்து வைத்திருப்பதே ஒரு பசைதான். பழைய ஓவியங்களைச் சுத்தம் செய்கிறவர்களின் கைப்பழக்கமும் தோபி கானாப் பெரியவர் சொன்னதுதான்: சாதுவான திரவத்தில் தொடங்கு, ஓரத்தில் ஒரு பொட்டு அளவு சோதித்துப் பார், ஒத்தி எடு, தேய்க்காதே. அன்று நான் டிக்கெட் எடுக்கவில்லை. வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

வந்ததும் வண்டியை நிழலுக்குத் தள்ளினேன். வெயிலில் சுட்டுக்கொண்டிருக்கும் தகட்டில் எந்தத் திரவமும் வேலை செய்யும் முன்பே ஆவியாகித் தழும்பை விட்டுப் போகும். பிறகு சபையோரின் மருந்துகளை வரிசைப்படுத்தினேன். அப்போதுதான் விளங்கியது, பிளேடையும் தின்னரையும் தவிர யாரும் தப்பாகச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஒரு பசைக்கு மருந்து சொல்லி, அதை மூன்றுக்கும் எழுதிவிட்டார்கள்.

வெள்ளைப் பசைக்குக் கொங்கணிப் பாட்டி. ஃபெவிகால் அடிப்படையில் தண்ணீரில் மிதக்கும் பாலிவினைல் அசிடேட். தண்ணீர் போனால் இறுகும். திரும்பத் தண்ணீர் கொடுத்தால் ஊறி, வெளுத்து, பிடியை விடும். கொச்சிக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது முழுக்கக் காயவும் இல்லை. அதே ஈரம்தான் ஃபெவிக்விக்கைக் கண் இமைப்பதற்குள் கல்லாக்கியது. ஒரே காற்று, ஒன்றைக் காயவிடவில்லை, மற்றதைக் காத்திருக்கவிடவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நனைத்த துவாலையைப் போட்டு மூடிவிட்டு, மனைவி கொடுத்த காப்பியைக் குடித்தேன். துவாலையை எடுத்தபோது அப்பச்சன் நனைந்து, நெகிழ்ந்து, விரலால் தள்ளியதுமே முழுசாகப் புறப்பட்டார். மிச்சத்தைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால், சோப்பு நுரை காயாமல், தட்டையாகப் படுக்கவைத்துத் தள்ளினேன். அந்த அட்டையால் நான் எடுத்த பணத்தைவிட எடுத்த பசை அதிகம்.

மஞ்சள் பசைக்குச் சேட். அது ரப்பரைக் கரைத்துச் செய்தது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன் தொட்ட மெல்லிய துணியை அதன் மேல் சிறிது நேரம் வைத்தால் ஊறி வரும். பிறகு கட்டைவிரலால் உருட்டினால் சுருள் சுருளாகத் திரளும். கொச்சியில் வள்ளங்களின் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் நண்பர்கள் இருப்பதால் ஒரு குப்பி கிடைத்தது. பெட்ரோலும் வேலை செய்யும்தான். ஆனால் ஆட்டோக்காரர் பீடி குடித்துக்கொண்டே அதைச் சிபாரிசு செய்ததால் நான் ஏற்கவில்லை. மண்ணெண்ணெய் ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப்போகும். கார் ஷாம்பு போட்டுக் கழுவினால் அதுவும் போய்விடும்.

இக்காவின் தேங்காய் எண்ணெயையும் கைவிடவில்லை. பின்கண்ணாடியில் பழைய ஓனர் ஒட்டிவைத்த ஸ்டிக்கரை நான் உரித்தபோது தங்கிய பிசுக்கு வருஷக்கணக்காகத் தூசி பிடித்துக் கிடந்தது. எண்ணெயைப் பூசி விட்டு, மறுநாள் துடைத்தால் பளிச்சென்று போனது. சம்பந்தி விஷயத்தில் அவர் சொன்னதையும் இப்போது நம்புகிறேன்.

கடைசியாக ஃபெவிக்விக். தொலைக்காட்சி விளம்பரத்தில் ஒருவன் குச்சியில் சில சொட்டு வைத்துத் தண்ணீரில் விட்டு மீன்களைத் தூக்குவான், ஞாபகமிருக்கும். சீனவலையை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் கயிறு இழுக்கும் கொச்சிக்காரர்கள் அந்த விளம்பரத்தை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று நான் யோசித்ததுண்டு. இறுகிய பிறகு அதற்குத் தண்ணீர், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் ஒன்றுதான். அசிட்டோன் கரைக்கும். என் மகளின் பாட்டிலில் இருந்தது அதுதான். எல்லா நெயில் பாலிஷ் ரிமூவரிலும் அசிட்டோன் இருக்காது; லேபிளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பானட்டின் அடிப்பக்கம், யாரும் பார்க்காத ஓரத்தில் முதலில் தொட்டேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சாயம் போகவில்லை, தொழிற்சாலைப் பூச்சு. மேலே வந்து ஒரு சொட்டின் தலையில் மட்டும் குச்சியை வைத்தேன், சுற்றிலும் படாமல். சில நொடி. எடுத்தேன். ஈரத்துணியால் ஒத்தினேன். மறுபடி. சொட்டின் விளிம்பு வெளுத்துக் குழைந்தது. ஏ.டி.எம். கார்டின் முனையால் தள்ளினால் ஒரு செதில் வந்தது. மறுபடி குச்சி, மறுபடி துணி. வேலை ஆமை வேகம். தெருவில் கூட்டம் பொறுமையிழந்து கலைந்துவிட்டது. பூனை ஒன்று மட்டும் கடைசிவரை உட்கார்ந்து பார்த்தது. பானட்டில் இருந்த அத்தனை சொட்டும் போய், அங்கங்கே மங்கலான வட்டங்கள் மட்டும் மிஞ்சின. பாலிஷ் போட்டதும் அவையும் மறைந்தன. என் முகம் மறுபடி இளமையாகத் தெரிந்தது.

அந்த உற்சாகத்தோடு மட்கார்டுக்கு வந்தேன். அதே வண்டி, அதே நீலம், அதே பசை. தனியாக எதற்குச் சோதனை? குச்சியை வைத்தேன். எடுத்தபோது பஞ்சு நீலமாக இருந்தது. வைத்த இடத்தில் பெயிண்ட் இளகி, அதற்கடியில் இன்னொரு நீலம், கொஞ்சம் வேறு நீலம், எட்டிப் பார்த்தது. அதற்கும் அடியில் சாம்பல் நிறப் பட்டி. ஃபெவிக்விக் சொட்டு மட்டும் இருந்த இடத்தில் கம்பீரமாக இருந்தது.

டீக்கடையிலிருந்து பெயிண்டரை அழைத்து வந்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. விரல் கணுவால் மட்கார்டை ஒரு தட்டு, பானட்டை ஒரு தட்டு. இரண்டு சத்தம். "இது இடிச்ச வண்டியாணு சாரே. பட்டி வெச்சு ரெண்டு தவண பெயிண்ட் அடிச்சிட்டுண்டு" என்றார். டாக்டர் வண்டி என்று தரகர் சொன்னதில் பொய்யில்லை. ஆபரேஷன் நடந்த வண்டிதான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இத்தனை ஞாயித்துக்கிழமை தேச்சீங்களே, உங்களுக்கு இது தெரியலையா?" என்று கேட்டாள். பதிலுக்கு நான் பாலிஷ் டப்பியின் மூடியை மிகுந்த கவனத்தோடு மூடினேன். மட்கார்டை முழுசாகச் சுரண்டிப் புதிதாகப் பெயிண்ட் அடிக்க ஆன கூலியை நான் இங்கே எழுதுவதாக இல்லை. மனைவியும் இந்தக் கட்டுரையைப் படிப்பாள். பையன்கள் பாவம், பாப்பாஞ்சி வசூலிலிருந்து ஒரு பங்கு கொடுக்க முன்வந்தார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. இம்முறை தைரியமின்மை, பெருந்தன்மை இரண்டும் சேர்ந்து வேலை செய்தன.

ஆகவே காரில் பசை கொட்டிக்கொண்ட வாசகர்களுக்கு: அவசரப்பட்டுத் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள். என்ன பசை என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசைக்கு வெந்நீர்த் துணி, ரப்பர் பசைக்கு மண்ணெண்ணெய் அல்லது டர்பன்டைன், ஃபெவிக்விக்குக் குச்சி நுனி அசிட்டோன். தின்னர் எதற்கும் வேண்டாம். நிழலில், நெருப்பில்லாத இடத்தில், மறைவான ஓரத்தில் முதலில் சோதியுங்கள். ஒவ்வொரு தகட்டிலும் தனித்தனியாக. ஒரு கதவு தாங்கியது என்பதற்காகப் பக்கத்துக் கதவும் தாங்கும் என்று நம்ப வேண்டாம். முடிந்ததும் கழுவி வாக்ஸ் போடுங்கள், கரைப்பான்கள் பழைய வாக்ஸையும் சேர்த்தே தின்றுவிடும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பெயிண்ட்டின் கனம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. பழைய வண்டி பார்த்துத் தருகிறவர்கள் வைத்திருப்பார்கள். ஒரு தகட்டில் 110, பக்கத்துத் தகட்டில் 300 மைக்ரான் என்று காட்டினால் அங்கே பட்டியும் மறு பெயிண்ட்டும் இருக்கிறது என்று அர்த்தம். பசை விழுந்து தெரிந்துகொள்வதைவிட அது மலிவு. கருவியை வண்டியில் வைக்க விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் அந்த வண்டியை வாங்காதீர்கள்.